செய்து பார்த்தால்தான் தமிழ் தங்கும்



கடந்த அறுப்பின் பண்டிகையன்று சபை மண்டபத்தின் ஒரு மூலையில் நாங்கள் மேசை போட்டிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஏலத்துக்கு வந்த வாழைத்தாரும் பூசணிக்காயும், மறுபக்கம் மொஹிங்கா பானை. நடுவில் எங்கள் மூன்று வேலைகள். சுவரில் ஒரு பெரிய படத்தாள். மேசைமேல் கோடு போட்ட ஒரு நோட்டு. அதன் பக்கத்தில் ஒரு கைப்பேசி. அதில் நாங்களே வடிவமைத்த ஓர் இணையப் பக்கம். ஓவியம், எழுத்து, இணைய வடிவமைப்பு ஆகிய மூன்றையும் ஆறு மாதம் செய்து பார்த்த ஆறு மாணவர்கள் நாங்கள்.

பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஒரு தாத்தா மட்டும் நோட்டைப் புரட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளைகளா. ஆனா இதனால என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். குறை சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிற நேரத்தில், வேலைக்கு வழி தேடுகிற வயதில், இந்தப் பிள்ளைகள் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கவலை. அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. சிரித்துவிட்டு மொஹிங்கா வாங்கப் போய்விட்டோம். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறோம்.

முதலில் நம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுகிறோம். தின்கன்ஜூனில் உள்ள நம் வீடுகளில் தமிழ் பேசுகிறோம். பாட்டியிடம் தமிழ், அம்மாவிடம் பாதித் தமிழ், தம்பி தங்கைகளிடம் பர்மிய மொழி. ஆனால் தமிழ் வேதாகமத்தைத் திறந்து ஓர் அதிகாரத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடிய வாலிபர்கள் எத்தனை பேர்? பாடகர் குழுவில் நிற்கிற எங்களில் பலர் கையில் வைத்திருக்கும் கீர்த்தனைத் தாள் பர்மிய எழுத்தில் எழுதப்பட்டது. 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதன்பின் தமிழைக் கற்றுக்கொடுக்கும் வேலை வீட்டுக்கும் கோயிலுக்கும் சபைக்கும் வந்து சேர்ந்தது. நம் பெற்றோர் முடிந்ததைச் செய்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை.

ஆனால் இதில் ஓர் இழப்பு இருக்கிறது. பர்மிய எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒரே ஓசையாகிவிடும். ‘வழி’ என்று எழுதினாலும் ‘வலி’ என்று எழுதினாலும் தாளில் ஒன்றுதான். அப்படியானால் நாம் இயேசுவை எதுவென்று பாடிக்கொண்டிருக்கிறோம்? எங்களில் ஒருவர் இதைக் கண்டுபிடித்தது எந்த வகுப்பிலும் அல்ல. சுவரில் ஒட்டும் தாளில் அந்தச் சொல்லை ஒரு சாண் உயரத்துக்கு வரைய வேண்டியிருந்தது. எந்த எழுத்து என்று தெரியவில்லை. பாட்டியிடம் ஓடிக் கேட்டார். பாட்டி விரலால் காற்றில் ‘ழ’ எழுதிக் காட்டினார். பத்து வருடமாகப் பாடிய சொல்லின் எழுத்து அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வகுப்பில் கற்ற எழுத்து விடுமுறைக்குள் மறந்துபோகிறது. ஒரு பொருளைச் செய்வதற்காகக் கேட்டுத் தெரிந்துகொண்ட எழுத்து தங்குகிறது. ஞாயிறு பள்ளியில் அ, ஆ பல முறை படித்திருக்கிறோம். பல முறை மறந்தும் இருக்கிறோம். இந்த ஆறு மாதத்தில் வரைந்தும் எழுதியும் வடிவமைத்தும் கற்றுக்கொண்ட சொற்கள் குறைவுதான். ஆனால் அவை எங்களிடம் இருக்கின்றன. ஆகையால் நம் சபையில் தமிழ் நிற்க வேண்டுமானால், வாலிபர்கள் தமிழில் எதையாவது செய்ய இடம் வேண்டும்.

ஓவியத்திலிருந்து தொடங்குவோம். முதலில் நாங்கள் செய்தது கைப்பேசியில் கிடைத்த படங்களைப் பார்த்து அப்படியே வரைந்ததுதான். மேய்ப்பர், ஆட்டுக்குட்டி, சூரிய உதயம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பிறகு எங்களில் ஒருவர், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடுமே என்றார். கேட்டோம். வந்தது. பளபளப்பாகவும் இருந்தது. "ரங்கூன் தமிழ்ப் பாட்டி" என்று கேட்டதற்கு யாரோ ஒரு பாட்டியைக் காட்டியது. நம் பாட்டிகளில் ஒருவரும் அப்படி இல்லை. படத்துக்குள் இருந்த தமிழ், தமிழ் போலத் தெரிந்தது. கிட்டப் போய் வாசித்தால் ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அதை நல்ல தமிழ் என்றே நினைத்துச் சுவரில் ஒட்டியிருப்பார். எங்களுக்கு அது பெரிய எச்சரிப்பாக இருந்தது.

அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: நேரில் பார்த்ததை மட்டும் வரைவது. ஒரு வீட்டில் அம்மிக்கல். ஒரு வீட்டில் பூட்டு உடைந்த டிரங்குப் பெட்டி. இன்னொரு வீட்டில் அட்டை கழன்று, நூலால் கட்டி வைத்த பழைய வேதாகமம். அம்மிக்கல்லை வரைய ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வீட்டார் சும்மா இருப்பார்களா? அது யார் வாங்கியது, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு வந்தது என்று கதை வந்துகொண்டே இருந்தது. எங்கள் படங்கள் அவ்வளவு சிறப்பானவை அல்ல. அம்மிக்கல் படம் தலையணை மாதிரி இருக்கிறது என்று எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள். ஆனாலும் அறுப்பின் பண்டிகையன்று எல்லாரும் அதிக நேரம் நின்றது அந்த அம்மிக்கல் முன்னால்தான்.

கைவேலை ஆவிக்குரிய காரியமா என்று கேட்கிறவர்களுக்கு யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைக் காட்டுவோம். அங்கே தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் ஆசாரியனும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் இவற்றில் வேலை செய்கிறவன். 35-ஆம் அதிகாரத்தில் அவனுக்கும் அகோலியாபுக்கும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் கொடுக்கப்பட்டது என்று வாசிக்கிறோம். செய்யத் தெரிந்தவர் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். இது நம் பெரியவர்களுக்கு நாங்கள் அன்போடு நினைவூட்டும் பகுதி.

இரண்டாவது, எழுத்து. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-இல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அப்படி நடந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் ‘ஜோதி’ என்ற தமிழ்ப் பத்திரிகையை 1937 முதல் நடத்தியவர். பிற்பாடு அந்த நடையை ஒரு புத்தகமாக எழுதினார். அவர் எழுதியதால் அது இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

நம் கொள்ளுத் தாத்தாக்களும் பாட்டிகளும் அதே பாதையில் நடந்தார்கள். சிலர் போர் முடிந்தபின் திரும்பி வந்தார்கள். சிலர் நடக்க முடியாமல் இங்கேயே இருந்துவிட்டார்கள். 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது மறுபடியும் பலர் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் என்றொரு கடைத்தெருவே அவர்களால் உண்டானது. போனவர்கள் கதை அந்தக் கடைத்தெருவின் பெயரிலாவது இருக்கிறது. போகாமல் இங்கே தங்கியவர்களின் கதை எங்கே இருக்கிறது? நம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் அதில் கொஞ்சம் குறைகிறது.

ஆகவே பதினொரு பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினோம். எங்கள் முதல் எழுத்துகள் நன்றாக இல்லை. "இவர் பக்தியுள்ள தாயார். பல கஷ்டங்களைக் கடந்தார். தேவன் அவரை நடத்தினார்." இப்படியே பதினொரு பக்கம். பதினொரு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். வாலிபர் ஐக்கியத்தில் எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர் அதை வாசித்துவிட்டு, "கஷ்டம்னா என்ன கஷ்டம்? அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க? கையில என்ன எடுத்துட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுபடியும் போனோம். இப்போது ஒரு பாட்டி, தான் ஐந்து வயதில் அப்பாவின் தோளில் இருந்தபடி, கீழே நடந்த அண்ணனின் தலையைப் பார்த்துக்கொண்டே போனதைச் சொன்னார். வேறு ஒன்றும் அவருக்கு நினைவில்லை. அண்ணனின் தலை மட்டும். அதை அப்படியே எழுதினோம். தேவன் நடத்தினார் என்று நாங்கள் தனியாகச் சேர்க்கவில்லை. வாசித்தவர்கள் அதைத் தாங்களே சொன்னார்கள்.

மூன்றாவது, இணைய வடிவமைப்பு. இதைத்தான் பெரியவர்கள் அதிகம் சந்தேகிக்கிறார்கள். போனில் விளையாடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எங்களுக்கு அதிகம் பொறுமை கற்றுத்தந்தது இந்த வேலைதான். பழைய சபைக் கோப்பு ஒன்றிலிருந்த தமிழை எடுத்துப் பக்கத்தில் போட்டோம். எங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தது, மற்றவர்களுடைய கைப்பேசியில் வெறும் குறிகளாகத் தெரிந்தது. ஏன் என்று தேடியபோதுதான், இது நாம் பர்மிய எழுத்தில் ஏற்கெனவே பட்ட பாடுதான் என்று தெரிந்தது.

ஜாஜி எழுத்துருவில் எழுதியதை யூனிகோடு போனில் திறந்தால் குழம்பிப்போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2019 அக்டோபர் 1-இல் நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறும்படி அறிவித்ததும் நினைவிருக்கும். தமிழும் இதே வழியாக வந்தது. 1991-இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், பல ஆண்டுகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமான எழுத்துருவில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்ற ஆசிரியர் தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். இருவரும் நம்மைப் போலத் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர்கள். தமிழ் சிறுபான்மையாக இருக்கும் ஊரில்தான் அதற்கான தேவை சீக்கிரம் தெரிகிறது போலும்.

பக்கத்தை எப்படி அமைப்பது என்பதிலும் நம் ஊர்தான் எங்களுக்கு ஆசிரியர். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. டேட்டா விலை ஏறிக்கொண்டே போகிறது. முதலில் பெரிய படங்களும் தானாக ஓடும் பாட்டும் வைத்தோம். சான்பியா சந்தையில் கடை வைத்திருக்கும் ஓர் அத்தை தன் போனில் திறந்தார். பக்கம் வருவதற்குள் இரண்டு பேருக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்துவிட்டார். அன்றே பாட்டை எடுத்தோம், படங்களைச் சுருக்கினோம். கண் மங்கியவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கினோம். தமிழில் மேலே புள்ளியும் சுழியும் கீழே வளைவும் வருவதால் வரிகளுக்கு நடுவில் இடம் கூட்டினோம். தமிழைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்தோம். அப்படியிருந்தால்தான் தேடவும் முடியும், பெரிதாக்கி வாசிக்கவும் முடியும். ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் பர்மிய மொழியிலும் சுருக்கம் வைத்தோம். பெரியவர்களின் சம்மதம் கேட்டு, முகவரியும் சிறுபிள்ளைகளின் முகமும் வராமல் பார்த்துக்கொண்டோம்.

நடுவில் ஒரு நாள் எங்கள் வேலையில் பாதி போய்விட்டது. நான்கு பெரியவர்களின் பேச்சுப் பதிவு ஒரே போனில் இருந்தது. அந்தப் போன் தண்ணீரில் விழுந்தது. நான்கு பேரில் ஒருவர் அதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். மற்ற மூவரிடமும் திரும்பப் போய் எழுதினோம். நான்காமவரின் குரல் போனது போனதுதான். எங்களுக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது.

இந்த நாட்டில் கிறிஸ்தவர்களாகிய நாம் அறிந்த ஒரு சரித்திரம் அப்போது நினைவுக்கு வந்தது. 1824-இல் அதோனிராம் ஜட்சன் ஆவா சிறையில் அடைக்கப்பட்டபோது, அவர் மொழிபெயர்த்திருந்த பர்மிய புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். நனைந்து கெட்டுவிடும் என்று பிறகு ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தார். ஜட்சனை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது தலையணை எறியப்பட்டது. மாங் இங் என்ற பர்மிய விசுவாசி, ஐயரின் நினைவாக இருக்கட்டும் என்று அந்தப் பஞ்சை எடுத்து வைத்தார். உள்ளே வேதம் இருந்தது அவருக்குத் தெரியாது. எல்லாரும் அப்படி ஒரு மாங் இங்கை நம்பியிருக்க முடியாது. இப்போது எங்கள் வேலை ஒரு போனிலும், ஒரு கணினியிலும், கையால் எழுதிய நோட்டிலும் என்று மூன்று இடத்தில் இருக்கிறது.

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். இதனால் வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். மூன்று மொழியில் பக்கம் அமைக்கத் தெரிந்தவருக்கு எங்கேயாவது அது பயன்படலாம். ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. இங்கிலீஷ் வகுப்பையும் யாரும் விடவில்லை.

எங்களுக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. நம் வாலிபர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆறு பேராகத் தொடங்கினோம். இப்போது ஒருவர் மலேசியாவில், ஒருவர் தாய்லாந்தில். மீதி நால்வரும் இங்கேயே இருப்போமா என்று எங்களுக்கே தெரியாது. போகிறவர்களுக்கு எதற்குத் தின்கன்ஜூன் கதை என்று கேட்கலாம். மலேசியாவில் இருக்கும் எங்கள் நண்பர் வேலை முடிந்து இரவில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பாட்டியின் கதையில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினார். இங்கே இருந்தபோது தமிழில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதாதவர் அவர்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் தமிழில் பிழை நிறைய இருக்கும். ‘ர’ வரும் இடத்தில் ‘ற’ வரும். ஒற்று விடுபடும். தயவுசெய்து எல்லார் முன்னிலும் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்தே பல வாலிபர்கள் தமிழை விட்டுவிட்டார்கள். 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயருக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் போதாது. அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு அழவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. பக்கத்துப் பொறையாரிலேயே ஈயத்தில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நம் கையிலிருக்கும் வேதாகமத்தின் தொடக்கமே ஒரு திருத்தத்தில் இருக்கிறது. எங்கள் எழுத்தையும் பென்சிலால் திருத்திக் கொடுங்கள். மறுபடியும் எழுதுகிறோம்.

சபையிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. சனிக்கிழமை பிற்பகலில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம். நோட்டுகளும் படங்களும் வைக்க, கரையான் ஏறாத ஒரு பெட்டி. தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து எங்களோடு உட்காருவது. வீட்டில் பழைய புகைப்படமோ கடிதமோ ஞானஸ்நானச் சான்றோ இருந்தால் ஒரு நாள் இரவல் தருவது. படம் பிடித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்போம்.

எங்கள் வயதுத் தம்பி தங்கைகளிடமும் ஒன்று கேட்கிறோம். கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒரு பக்கம். வரையத் தெரிந்தால் வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளை வரைந்து, அதன் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எழுத வந்தால் ஒரு பெரியவரிடம் ஒரு நாளைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். போனில்தான் கை போகிறதென்றால் வந்து தட்டச்சு செய்யுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்று இல்லை. அம்மிக்கல் தலையணை போல இருந்தாலும் பரவாயில்லை.

மோசேயின் ஜெபம் என்று சொல்லப்படும் 90-ஆம் சங்கீதம் நம் நாட்கள் எவ்வளவு குறுகியவை என்பதைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிவில் கைகளின் வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கிறது. எங்களுக்கும் கேட்க வேறொன்றும் இல்லை.

அந்தத் தாத்தாவுக்கு இந்தப் பதில் போதுமா என்று தெரியவில்லை. அவருடைய கதை இன்னும் நோட்டில் ஏறவில்லை. வருகிற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு போன் கொண்டுபோகிறோம்.